சுழல் துப்பாக்கியில் சரவெடி

தீபாவளிக்குச் சரவெடி கொளுத்தும் சிறுவன் திரியின் நுனியில் ஒரே ஒரு முறைதான் நெருப்பை வைக்கிறான். ஒன்று வெடிக்க, அதன் பொறி அடுத்ததைப் பற்ற, அது வெடித்து அதற்கடுத்ததைப் பற்ற, நொடிப்பொழுதில் சரம் முழுவதும் வெடித்து ஓய்கிறது. அவ்வாறு வெடிக்கவேண்டும் என்பதற்காகவே அது கோக்கப்பட்டது. ஆயின், ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே வெடிக்கவேண்டிய ஆறு வெடிகள், ஏந்தியவன் கையிலேயே சரவெடியாக மாறினால் என்னாகும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் சுழல் துப்பாக்கியை ஏந்தியோர் பலர் அந்த அச்சத்தோடுதான் அதனை ஏந்தினர். ஆங்கிலேயர் இதனைச் ‘செயின் ஃபயர்’ என்பர். தமிழில் தொடர்வெடி எனலாம்.

இதனை விளங்கிக்கொள்ள அக்காலத் துப்பாக்கியின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். இன்றைய ரிவால்வரில் மருந்தும் குண்டும் ஒரே பித்தளைத் தோட்டாவினுள் அடைபட்டிருக்கின்றன. அன்றைய ரிவால்வரில் அத்தகைய பித்தளைத் தோட்டா இல்லை. குழலுக்குப் பின்னால் சுழலும் இரும்பு உருளையில் ஐந்து அல்லது ஆறு அறைகள் இருந்தன. ஒவ்வோர் அறையிலும் முன்வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டை வைத்து, குழலின் அடியில் பொருத்திய நெம்புகோலால் இறுகத் திணிக்கவேண்டும். அறையின் பின்புறத்தில் துளையுள்ள சிறு குழல்முனை ஒன்று உண்டு. அதன்மேல் ‘கேப்பு’ எனப்படும் சிறு செப்புத் தொப்பியை மாட்டவேண்டும். விசையை அழுத்தினால் சுத்தி கேப்பின்மீது மோதும். கேப்பிலிருந்து எழும் பொறி துளை வழியே சென்று மருந்தைப் பற்றவைக்கும். ஆக, நிரப்பப்பட்ட ஒவ்வோர் அறைக்கும் முன்னால் ஒரு வாயிலும் பின்னால் ஒரு வாயிலும் இருந்தன. இவ்விரண்டையும் காப்பதே இந்த வரலாற்றின் சாரம்.

கருமருந்தின் கூட்டு எளியது. நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். வெடியுப்பில் பெரும்பகுதி நம் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தே மேலைநாடுகளுக்குச் சென்றது. பீகாரின் வெடியுப்பு கல்கத்தா வழியாகக் கப்பலேறியது. 1861ஆம் ஆண்டில் அமெரிக்க உள்நாட்டுப் போருக்கென வெடியுப்பு வாங்க லாமோ டூபோன் இலண்டனுக்கு அனுப்பப்பட்டதும், அவர் வாங்கிய சரக்கை ஆங்கில அரசு சிறிது காலம் தடுத்து வைத்ததும் வரலாறு. இக்கூட்டின் பெருமையும் குறையும் ஒன்றே: ஒரு சிறு பொறி பட்டாலும் பற்றிக்கொள்ளும்.

கேப்பின் கதையோ வேறு. பாதரசப் புல்மினேட் என்னும் பொருள் அடிபட்டாலே வெடிக்கக்கூடியது. எட்வர்டு ஹோவர்டு என்னும் ஆங்கில வேதியியலார் 1800ஆம் ஆண்டில் இதனை விளக்கி எழுதினார். அடிபட்டு வெடிக்கும் இத்தகைய பொருளைத் துப்பாக்கியின் பொறியாகப் பயன்படுத்தலாம் என்று கண்டு 1807இல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாந்தர் பார்சைத்து. இவர் படைவீரர் அல்லர், கொல்லரும் அல்லர், ஸ்காத்லாந்தின் சிற்றூர் ஒன்றில் சமயப் பணியாற்றிய பாதிரியார். சக்கிமுக்கிக் கல்லின் பொறி பறவைகளை முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறது என்பது வேட்டைப் பிரியரான அவருடைய குறை.

சுழல் துப்பாக்கி என்றவுடன் சாமுவேல் கோல்ட் என்னும் பெயரே நினைவுக்கு வரும். எனினும், அவர்தாம் அதனை முதலில் எண்ணியவர் என்று மாணவருக்குக் கற்பிப்பது பிழை. சக்கிமுக்கிக் கல்லால் இயங்கும் சுழல் துப்பாக்கிக்கு எலிசா காலியர் 1818இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். கோல்ட் 1814இல் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்போர்டு நகரில் பிறந்தவர். 1830இல், பதினாறு வயதில், ‘கோர்வோ’ என்னும் கப்பலில் பணியாளனாகச் சேர்ந்து கல்கத்தா வரை சென்றார். அப்பயணத்தில்தான் மரத்தைச் செதுக்கித் தம் முதல் மாதிரியைச் செய்தார் என்பர். கப்பலின் சுக்கான் சக்கரத்தைக் கண்டு கருத்துப் பிறந்ததெனச் சிலரும், நங்கூரம் இழுக்கும் உருளையைக் கண்டெனச் சிலரும் கூறுவர். விற்பனைத் திறன் மிகுந்த மனிதர் ஒருவர் தம்மைப்பற்றிப் பரப்பிய கதைகளை அப்படியே ஏற்கவேண்டுவதில்லை. சுத்தியைப் பின்னுக்கு இழுக்கும்போதே உருளை ஓர் அறை நகர்ந்து, குழலுக்கு நேராகப் பூட்டிக்கொள்ளும் பொறியமைப்பே அவருடைய உண்மையான ஆக்கம். இங்கிலாந்தில் 1835இலும் அமெரிக்காவில் 1836 பிப்ரவரி 25ஆம் நாளிலும் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

இனி, தொடர்வெடிக்கு வருவோம். கோல்ட் 1851 நவம்பரில் இலண்டன் குடிசார் பொறியாளர் கழகத்தின் முன் ஓர் உரை நிகழ்த்தினார். தம் துப்பாக்கியின் சிறப்பைச் சொல்ல வந்தவர், தாம் செய்த தவற்றையும் அங்கே மறைக்காமல் கூறினார். தொடக்கத்தில் அவர் உருளையின் முன்புறத்தையும் பின்புறத்தையும் தகட்டால் மூடியிருந்தார். பார்ப்பதற்கு அது பாதுகாப்பாகத்தான் தோன்றியிருக்கும். ஆனால் வெடிக்கும் அறையிலிருந்து பீறிடும் தீ வெளியே சிதற வழியின்றி, தகட்டின் அடியிலேயே பக்கவாட்டில் பரவியது. பின்புறத்தில் கேப்புகளை ஒவ்வொன்றாகப் பற்றியது. முன்புறத்தில் அடுத்த அறைகளின் வாய்க்குள் புகுந்தது. காக்கவேண்டிய மூடியே தீயைச் சுமந்து சென்றது. பின்னர் அவர் மூடியை நீக்கினார். கேப்புகளுக்கு இடையே தடுப்புகளை வைத்தார். அறைவாய்களின் விளிம்பைச் சரிவாகச் சீவித் தீ வெளியே விலகிச் செல்ல வழி செய்தார். தீயை அடைத்து வைப்பதைவிடப் போகவிடுவதே நன்று என்று பட்டறிவால் அவர் கண்டுகொண்டார்.

தொடர்வெடியோடு வேறொரு விபத்தையும் சேர்த்துக் குழப்புவோர் உளர். 1847இல் சாமுவேல் வாக்கர் என்னும் படைத்தலைவரின் யோசனைப்படி கோல்ட் செய்த பெருந்துப்பாக்கி, நாலரை இராத்தல் எடையுள்ளது. அதன் ஓர் அறையில் 60 கிரெயின், அதாவது ஏறத்தாழ 4 கிராம், மருந்து கொள்ளும். கைத்துப்பாக்கிக்கு அது மிகை. உருளைகள் சில வெடித்துப் பிளந்தன. அடுத்த ஆண்டு வெளிவந்த ‘டிராகூன்’ வகையில் உருளையைக் குறுக்கி மருந்தளவையும் குறைத்தனர். இது இரும்பின் வலிமையை மீறிய அழுத்தத்தால் நேர்ந்தது. தொடர்வெடியோ தீ வழிதவறிச் செல்வதால் நேர்வது.

கைத்துப்பாக்கியில் தொடர்வெடி நேர்ந்தால் எப்போதும் உயிர்ச்சேதம் விளையும் என்பதில்லை. சுடுபவரின் கை உருளைக்குப் பின்னால் இருப்பதால், பக்கத்து அறையின் குண்டு குழலை ஒட்டி முன்னோக்கிப் பாய்ந்துவிடும். கீழறையின் குண்டு சட்டத்திலோ நெம்புகோலிலோ மோதித் துப்பாக்கியைக் கெடுக்கும். இதே அமைப்பை நீண்ட துப்பாக்கியில் வைத்தபோதுதான் கேடு பெரிதாயிற்று. கோல்ட் 1855இல் வெளியிட்ட சுழல் ரைபிளைச் சுடுபவர், வழக்கப்படி இடக்கையை முன்னே நீட்டிக் குழலைத் தாங்கவேண்டும். அந்தக் கை உருளையின் அறைவாய்களுக்கு நேர் முன்னால் இருக்கும். தொடர்வெடி நேர்ந்தால் குண்டு பாய்வது அக்கையில்தான். ஆதலால் வீரர் பலர் இடக்கையை விசைக்காப்பின் அருகிலேயே வைத்துச் சுட்டனர். 1862இல் வடபுலத்துக் குறிசுடும் படையினர் சிலருக்கு இது வழங்கப்பட்டபோது அவர்கள் மனமின்றியே பெற்று, சார்ப்சு ரைபிள் கிடைத்தவுடன் இதனை ஒப்படைத்துவிட்டனர்.

ஆனால், அதே ரைபிள் ஒரு படையைக் காத்த நிகழ்ச்சியும் உண்டு. 1863 செப்டம்பர் 20இல் ஜார்ஜியா மாநிலத்துச் சிக்கமாகா போரில் வடபுலப் படையின் ஒரு பகுதி சிதறி ஓடியது. சினாட்கிராசுக் குன்றையொட்டிய மேட்டில் நின்ற 21ஆம் ஒகையோ படைப்பிரிவு, ஐந்து அறைச் சுழல் ரைபிள்களுடன், மீண்டும் மீண்டும் வந்த தாக்குதல்களை முறியடித்தது. அன்று அப்பிரிவு 40,000க்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட்டுத் தீர்த்தது. தோட்டாப் பைகள் வெறுமையான பிறகே, மாலையில் வீரர் பலர் சிறைப்பட்டனர். தம் கையையே துளைக்கக்கூடிய கருவி என்று அறிந்தும் அதனை அவர்கள் கீழே போடவில்லை. கருவியைக் குறைகூறுவோர் இந்த நாளையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

தீ முன்வாயில் வழியாகப் புகுகிறதா, பின்வாயில் வழியாகவா என்னும் வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. முன்வாயிற் கட்சியினர் குண்டின்மீது பழி போடுவர். குண்டு அறையைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால், திணிக்கும்போது அறைவாயின் விளிம்பு அதன் ஓரத்தை வளையம்போல் சீவித் தள்ளும். மெல்லிய ஈயமோதிரம் ஒன்று கீழே விழுந்தால் அறை நன்கு அடைபட்டதென்று பொருள். அதனால்தான் 0.36 அங்குலத் துப்பாக்கிக்கு 0.375 அங்குலக் குண்டும், 0.44 அங்குலத்திற்கு 0.451 அல்லது 0.454 அங்குலக் குண்டும் இன்று பயன்படுகின்றன. குண்டு சிறுத்தாலும், வார்ப்பில் குழி விழுந்திருந்தாலும் அவ்விடுக்கில் தீ நுழையும். பின்வாயிற் கட்சியினரோ கேப்பைச் சுட்டுவர். தளர்ந்த கேப்பு, முதல் வெடியின் அதிர்ச்சியில் கழன்று விழும். திறந்துகிடக்கும் துளையில் பக்கத்துப் பொறி எளிதில் இறங்கும். பொருந்தாத கேப்பை விரலால் நசுக்கி மாட்டுவது இதனினும் தீது.

குண்டின்மேல் கொழுப்பையோ தேன்மெழுகு கலந்த நெய்ப்பையோ பூசுவது பரவலான காப்பு. ஆயினும், முதல் வெடியின் வெப்பத்தில் பக்கத்து அறைகளின் பூச்சு உருகித் தெறித்துவிடுவதைக் கண்டோர், நெய்ப்பில் தோய்த்த கம்பளி வில்லையை மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வைப்பதே மேல் என்பர். பூச்சு மருந்தின் கசடை இளக்கி உருளை தடையின்றிச் சுழல உதவும் என்பது மட்டும் ஐயத்திற்கு அப்பாற்பட்டது. கோல்ட் தம் துப்பாக்கியோடு தந்த வழிகாட்டித் தாளிலோ வில்லை எதுவும் வேண்டாம் என்றே கண்டிருந்தது. ஆனால் அவரே 1851இல் இரு வாயில்களையும் ஒப்புக்கொண்டவர். ஒரு கட்சியைச் சார்ந்து மற்றொரு வாயிலைத் திறந்து வைப்பவரைத் தேர்ந்தவர் என்று சொல்வதற்கில்லை.

இவ்விடரை அடியோடு நீக்கியது பூச்சும் அன்று, வில்லையும் அன்று, தோட்டாவே. உருளையை முன்னிருந்து பின்வரை முழுதாகத் துளைத்துத் தோட்டாவைப் பின்னாலிருந்து செருகும் முறைக்கு ரோலின் வொயிட் 1855 ஏப்ரல் 3இல் காப்புரிமை பெற்றார். சுமித் வெசன் நிறுவனம் துப்பாக்கி ஒன்றுக்கு 25 காசு தருவதாக அவருடன் ஒப்பந்தம் செய்து, 1857 முதல் தோட்டா ரிவால்வரை விற்றது. காப்புரிமை காலாவதியான 1869 வரை மற்றவர்கள் இம்முறையைத் தொட இயலவில்லை. உள்நாட்டுப் போர் முழுவதும் பெரும்பாலான வீரர்கள் பழைய கருமருந்து உருளையோடு போரிட நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். காப்புரிமையை மீறியோர்மேல் வழக்காடும் செலவு வொயிட்டையே சார்ந்ததால் அவர் பெற்றதில் பெரும்பகுதி கரைந்தது. அவருக்கு உதவ நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை 1870 சனவரியில் அதிபர் கிராண்ட் மறுத்துவிட்டார். கோல்ட் இவற்றையெல்லாம் காணவில்லை. 1862 சனவரியிலேயே மறைந்துவிட்டார். அவருடைய நிறுவனத்தின் புகழ்பெற்ற தோட்டா ரிவால்வர் 1873இல் வெளிவந்தது.

மறைந்துபோன கருமருந்து ரிவால்வர் இருபதாம் நூற்றாண்டில் விளையாட்டாக மீண்டும் தலைதூக்கிற்று. 1950களின் இறுதியிலிருந்து இத்தாலியின் கார்தோனே பள்ளத்தாக்கில் பழைய கோல்ட் துப்பாக்கிகளின் படிகள் செய்யப்படுகின்றன. இவற்றைச் சுடுவோருக்கான அனைத்துலகக் குழு 1971இல் தோன்றியது. அதன் போட்டிகளில் ரிவால்வருக்கென 25 மீட்டர்ப் பிரிவும் உண்டு. மருந்துக் குடுவையிலிருந்து நேரே அறைக்குள் கொட்டுதல் அங்கே கூடாது. அணைந்திராத ஒரு கசடுத்துகள் குடுவை முழுவதையும் கையில் வெடிக்கச் செய்யும். ஒவ்வொரு வேட்டுக்கும் உரிய மருந்தைத் தனிச் சிமிழில் முன்னரே அளந்து கொணரவேண்டும். புகையில்லா மருந்தை இத்துப்பாக்கிகளில் இடுவது அறவே ஆகாது. அதன் அழுத்தத்தை இவ்வுருளை தாங்காது. குழல் இலக்கை நோக்கித் திரும்பிய பின்னரே கேப்பு மாட்டப்படுகிறது. தொடர்வெடி நேர்ந்தாலும் குழலைத் திருப்பாமல் அப்படியே இருத்தி, எத்தனை அறைகள் வெடித்தன, எத்தனை எஞ்சியுள்ளன என்று எண்ணிப் பார்த்த பிறகே துப்பாக்கியைக் கீழே வைக்கிறார்கள்.