கல்வி, பொருள், உடல்நலம்: உத்திரமேரூர் வட்டாரம் கூறும் வரலாறு

பாலாறு, வேகவதி, செய்யாறு ஆகிய மூன்று ஆறுகளும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் அமைந்துள்ளது. உத்திரமேரூருக்கு அண்மையதான அவ்வூர்ப் பெருமாள் கோயிற் சுவரில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பெற்ற நீண்ட கல்வெட்டொன்று காணப்படுகின்றது. மாணவர் தங்கிப் பயின்ற கல்லூரி ஒன்றும், ‘வீரசோழன்’ என்னும் பெயரால் 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்றும் அங்கே நடைபெற்றதை அது தெரிவிக்கின்றது. மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்குரிய ஊதியமும், சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் உள்ளன. இவையனைத்தும் கோயில் வருவாயால் நடைபெற்றன. கல்வி, பொருள், உடல்நலம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதை நம் வட்டாரத்தார் 900 ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர்.

ஆயின், அந்த அறிவின் பயனைப் பெற்றவர் யாவர்? அம்மருத்துவமனை கல்லூரி மாணவர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் உரியதாயிருந்தது. மக்களாட்சியின் முன்னோடி எனப் புகழப்பெறும் உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகளையும் (919, 921) நோக்குவோம். கால் வேலிக்கு மேற்பட்ட, வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதப் பயிற்சியும் உடையவரே வாரியங்களில் இடம்பெறத் தக்கவர் என அவை விதிக்கின்றன. ஏரி வாரியத்துக்கும் அதே விதிதான். அவ்வேரியின் நீர் பாயும் வயலில் உழைத்த மக்களுக்கு நிலமும் இல்லை, மனையும் இல்லை, கல்வியும் இல்லை. ஆகவே ஊர் ஆளுகையில் குரலும் இல்லாமற்போயிற்று.

1891-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்கீர், இம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைபற்றி அரசுக்கு அறிக்கை அளித்தார். சேரியின் குடியிருப்பு மனையும் மிராசுதாரர் கையில் இருந்தமையால், அவரைப் பகைத்துக்கொண்ட உழைப்பாளி குடிசையையும் இழக்க நேர்ந்ததை அவர் எடுத்துக்காட்டினார். அதன் பயனாக 1892-ஆம் ஆண்டு அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலங்கள் வழங்கப்பட்டன. பத்தாண்டுகள் விற்கலாகாது, பின்னரும் பிற வகுப்பார்க்கு விற்கலாகாது என்னும் நிபந்தனை இருந்தும், அவற்றுட் பல கைமாறிப் போயின. மாமல்லபுரத்தை அடுத்த காரணையின் பஞ்சமி நிலங்களை மீட்கும் போராட்டத்தில், 1994 அக்டோபரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் நீத்தனர். நிலம் என்பது வெறும் சொத்தன்று. பிள்ளையின் வயிற்றுக்கு உணவு, நோயுற்ற காலத்தில் கடன்படாமைக்குக் காப்பு.

நிலத்தினும் முந்தியது நீர். வாந்திபேதி முதலிய கொடுநோய்கள் தூய்மையற்ற நீரின் வழியே பரவுபவை. நல்ல கிணறு தடுக்கப்பட்ட சேரிக்கு நோயும் உடன் விதிக்கப்பட்டது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்து, பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம் ஆகியவை எல்லா வகுப்பார்க்கும் உரியவை என நிலைநாட்டினார். அது உரிமைத் தீர்மானம். பொதுச் சுகாதாரத் தீர்மானமும் அதுவே. ஆயினும் 98 ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், நம் மக்கள் பருகும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருக்கக் கண்டோம். சட்டத்தில் கிடைத்த நீர் இன்னும் காவலுக்குரியது.

பொருள் பெருகினால் நலம் தானே வரும் என்பர் சிலர். 1975-இல் சாமுவேல் பிரெஸ்டன் பல நாடுகளின் கணக்குகளை ஒப்பிட்டு, 1930-களுக்கும் 1960-களுக்கும் இடையில் மக்களின் ஆயுள் நீண்டமைக்கு வருமான உயர்வு சிறு பங்கே காரணம் எனக் காட்டினார். 1979-இல் ஜான் கால்டுவெல் நைஜீரிய நாட்டை ஆராய்ந்து, தாய் கல்வி பெற்றிருப்பின் குழந்தை இறப்பு குறைவதை விளக்கினார். படித்த தாய் நோயை விதியென விடாது, மருத்துவரை நாடுகிறாள், கேள்வி கேட்கிறாள், வீட்டிலும் அவள் சொல் எடுபடுகிறது.

வறுமை உள்ளவரை நோய் தீராது என்று கைவிடுவதும் தவறு. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு, நெருக்கமான வீட்டில் எளிய உணவுண்டு மருந்து பெற்ற ஏழை நோயாளரும், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றோருக்கு ஏறத்தாழ ஒப்பக் குணமடைந்ததை 1959-இல் உலகுக்கு அறிவித்தது. மருந்து இலவசமாகக் கிடைத்தது; பணியாளர் இல்லம் தேடிச் சென்றனர். ஏழையின் வாயிலை மருத்துவம் அடையுமாயின் ஏழையும் பிழைப்பான் என்பதற்கு இதுவே சான்று.

பள்ளியும் அவ்வாறே நலத்தின் வாயிலாயிற்று. காமராசர் காலத்தில், 1956-இல் மதிய உணவும், எம்.ஜி.ஆர். காலத்தில், 1982-இல் சத்துணவும், 2022-இல் காலை உணவும் வந்தன. பசி தீர வந்த பிள்ளை எழுத்தும் கற்றது. எல்லாப் பிள்ளைகளோடும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டது.

எனினும் கடன் என்னும் கண்ணி அறுபடவில்லை. ஒரு நோய் வந்தால் முன்பணம். முன்பணத்துக்கு ஈடாக உழைப்பு. அதனால் பிள்ளையின் படிப்பு நின்றுவிடும். 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும், 2019-இல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் மரம் வெட்டும் தொழிலிடத்திலிருந்து இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டன. குறைந்த வட்டிக் கடனும் மகளிர் குழுச் சேமிப்பும் மருந்துக்கு நிகரானவை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இருபத்தைந்து ஆண்டுகள் கல்விப்பணி ஆற்றிய சங்கம் ஒன்று வெள்ளிவிழாக் காணும் இந்நாளில், இவ்வரலாறு நம்மிடம் கேட்பவை சில. பெண்பிள்ளையின் படிப்பை இடையில் நிறுத்தாதிருத்தல்; ஊரின் பஞ்சமி நிலக் கணக்கைப் படித்த இளைஞர் எடுத்துப் பார்த்தல்; குடிநீர்த் தொட்டி தூய்மையாக உள்ளதா எனக் கேட்டல்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் நமக்குரியதை உரிமையோடு பெறுதல். திருமுக்கூடலின் 15 படுக்கைகளில் நம் முன்னோர்க்கு ஒன்றும் இல்லை. இன்று மருத்துவமனையும் பள்ளியும் எல்லார்க்கும் உரியவை. அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடாமல் காப்பது கற்றவர் கடமையாகும்.