ஈரும் பேனும்

அரசர் பெயரையும் போர்க்களங்களையுமே வரலாறெனக் கற்ற நமக்கு ஈரும் பேனும் இழிபொருளாகத் தோன்றலாம். ஆயினும் கானானியர் நெடுங்கணக்கில் இதுவரை கிடைத்த முழுவாக்கியங்களுள் மிகப் பழையது பேனைப் பற்றியதே. இலாகீசு நகரில் 2016இல் அகழ்ந்தெடுத்த தந்தச் சீப்பொன்றில் அது பொறிக்கப்பட்டுள்ளது; 2022இல் அறிஞர் படித்து வெளியிட்டனர். காலம் ஏறத்தாழ கி.மு. 1700. ஒருபுறம் சிக்கெடுக்க 6 பருத்த பற்கள். மறுபுறம் பேன்வார 14 நுண்பற்கள். இளம்பேனின் எச்சமும் பல்லிடையே காணப்பட்டது. திருக்கோவிலிலும் கல்முனையிலும் திண்ணைதோறும் தாய்மார் எடுக்கும் இருபுறப் பேன்சீப்பை இது நினைவூட்டவில்லையா?

கானானில் யானையில்லை, தந்தம் எகிப்திலிருந்து வந்ததென்பர். எனவே அச்சீப்புக்குரியவர் செல்வரே. ஏழைப்பிள்ளையின் தலையிற் பேன் கண்டதும் துப்புரவின்மையெனப் பழித்தல் (வகுப்பறையிலும் இது நிகழ்கின்றது) அடிப்படையற்றது. பேன் பறவாது, பாயாது. தலையோடு தலைசேரவே பரவும்.

நமக்கோ சொற்களே சான்று. பேன் மலையாளத்திலும் பேனே. தெலுங்கிற் பேனு, கன்னடத்தில் ஹேனு. ஆகவே இம்மொழிகள் பிரியுமுன்னரே முன்னோர் அதனை அறிந்திருந்தனர். முட்டைக்கு ஈர் எனத் தனிப்பெயரும், அதனை நீக்குங் கருவிக்கு ஈர்கொல்லி, ஈர்வலி என்னும் பெயர்களும் தமிழில் உள. மயிரடியில் ஒட்டிய ஈர் 7 முதல் 10 நாளிற் பொரிக்கும். பேனை மட்டும் எடுத்து ஈரை விட்டவர் மறுவாரம் மீண்டும் சீப்பெடுக்க வேண்டியதே.