பிறப்புப் பதிவேட்டில் இல்லாதவர்கள்

பிறப்பு விகிதத்தை உயர்த்த ஓர் அரசு திட்டம் போட்டால், அதை மதிப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது, பிள்ளைகள் கூடினார்களா என்பதுதான். அதை மட்டும் கேட்டால் ருமேனியா வென்றுவிட்டது. 1966இல் அங்கே பிறந்த குழந்தைகள் சுமார் 2,74,000. மறு ஆண்டு சுமார் 5,28,000.

1966 அக்டோபரில் சௌஷெஸ்கு அரசு பிறப்பித்த 770ஆம் எண் ஆணைதான் காரணம். 1957 முதல் அங்கே கருக்கலைப்பு சட்டபூர்வமாக இருந்தது. கருத்தடைச் சாதனங்கள் அரிதாக இருந்ததால் பெண்கள் அதையே நம்பியிருந்தார்கள். ஒரே ஆணையில் அது குற்றமானது. 45 வயது கடந்தவர்கள், நான்கு பிள்ளைகளை வளர்ப்பவர்கள் போன்ற சிலருக்கே விலக்கு. 25 வயதைக் கடந்தும் பிள்ளை இல்லாதவர்களுக்குக் கூடுதல் வரி. 1980களில், கருவுற்றவர்களைக் கண்டறிய, தொழிற்சாலைப் பெண்களின் கர்ப்பப்பையைச் சோதிக்க மருத்துவர்கள் அனுப்பப்பட்டார்கள்.

ஆனால் உயர்ந்த எண் நிற்கவில்லை. பெண்கள் ரகசிய வழிகளைத் தேடிக்கொண்டார்கள். 1983இல் பிறப்பு விகிதம் 1966இன் நிலைக்கே திரும்பியிருந்தது. காசும் செல்வாக்கும் உள்ளவளுக்கு மருத்துவர் கிடைத்தார். இல்லாதவள் தன் உயிரைப் பணயம் வைத்தாள். 23 ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 பெண்கள் பாதுகாப்பற்ற கருக்கலைப்பால் இறந்தார்கள். 1989இல் ஐரோப்பாவிலேயே பேறுகால மரணம் மிக அதிகமாக இருந்த நாடு ருமேனியா. வளர்க்க வழியின்றி விடப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரசு இல்லங்களில் கிடந்தார்கள்.

சௌஷெஸ்கு சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள், 1989 டிசம்பர் 26 அன்று, புதிய அரசு அந்த ஆணையை நீக்கியது. அடுத்த ஓராண்டில் பேறுகால மரண விகிதம் ஏறக்குறையப் பாதியானது. புது மருத்துவமனைகள் கட்டவில்லை; புது மருந்து வரவில்லை. ஒரு சட்டம் போனது, அவ்வளவுதான். அந்த ஆணையின் உண்மையான மதிப்பீடு இந்தச் சரிவில்தான் இருக்கிறது.

நாடாளுமன்றத் தொகுதிகள் குறைந்துவிடுமே என்ற கவலையில், சீக்கிரம் பிள்ளை பெறுங்கள் என்று மணமக்களை வாழ்த்தும் குரலை நம் மேடைகளிலும் கேட்கிறோம். அது வாழ்த்து, ஆணை அல்ல. ஆனாலும் பிள்ளையை எண்ணாக மட்டும் பார்க்கிற பார்வை அதிலும் இருக்கிறது. எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள் என்று கேட்பவர்களிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான்: பெற்றவள் விரும்பித்தான் பெற்றாளா? பெற்ற பின் உயிரோடு இருக்கிறாளா?