நெல்-1: சிறுநீரகத் திசுப் புரதக் குறியீடு

மெம்பரேனஸ் நெஃப்ரோபதி என்னும் சிறுநீரக நோயின் காரணத்தைத் திசுவிலிருந்தே ஊகிக்க உதவும் புரதங்களுள் ஒன்று நெல்-1. மேலை நாடுகளில் இதைப் பெரும்பாலும் புற்றுநோயோடு சேர்த்துப் பேசுகிறார்கள். தென்னிந்தியாவிலோ இது பல நோயாளிகளிடம் பாதரசத்தைக் காட்டிக்கொடுத்தது. அதை வெளிக்கொண்டு வந்ததில் சென்னைக்கு முக்கியமான பங்கு உண்டு.

இந்நோயில், ரத்தத்தை வடிகட்டும் தந்துகிச் சுருள்களின் சவ்வுக்கு வெளிப்புறம் எதிர்ப்பொருள்கள் படிகின்றன. புரதம் சிறுநீரில் கசிகிறது. சிறுநீர் நுரைக்கிறது, காலும் முகமும் வீங்குகின்றன. 1951இல் டென்மார்க்கின் இவர்சனும் புருனும் ஊசியால் சிறுநீரகத் திசு எடுக்கும் முறையை வெளியிட்டார்கள். 1957இல் டேவிட் ஜோன்ஸ் வெள்ளிச் சாயமேற்றி இந்நோயைத் தனியே பிரித்துக் காட்டினார். ஒளிரும் எதிர்ப்பொருள் முறை வந்ததும் படிவுகளும் கண்ணுக்குத் தெரிந்தன. ஆனால் அவை எந்தப் புரதத்தைத் தாக்குகின்றன என்பது மட்டும் நெடுங்காலம் பிடிபடவில்லை.

2009இல் பாஸ்டனில் லாரன்ஸ் பெக், டேவிட் சாலன்ட் குழுவினர் பிஎல்ஏ2ஆர் என்ற புரதத்தை அடையாளம் கண்டார்கள். வேறு நோயின் விளைவாக வராத மெம்பரேனஸ் நோயாளிகளில் சுமார் 70 விழுக்காட்டினருக்கு அதுதான் இலக்கு. 2014இல் டிஎச்எஸ்டி7ஏ என்ற இன்னொரு இலக்குப் புரதம் தெரியவந்தது. மேயோ கிளினிக்கின் சஞ்சீவ் சேத்தி குழுவினர், திசுவில் பாதிக்கப்பட்ட சுருள்களை மட்டும் லேசரால் வெட்டியெடுத்து, அதிலுள்ள புரதங்களை நிறைநிரல் கருவியில் இனம் பிரித்தார்கள். அப்படிக் கிடைத்த நெல்-1 பற்றிய கட்டுரை 2020இல் அச்சானது.

இதற்கிடையே சென்னையில் வேறொரு தடயம் கிடைத்திருந்தது. பாதரசம் மிகுந்த பாரம்பரிய மருந்துகளை உட்கொண்டு மெம்பரேனஸ் நோய்க்கு ஆளான ஐவரைப் பற்றி அப்போலோ மருத்துவர்கள் 2019இல் எழுதினார்கள். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது முன்பே தெரிந்ததுதான். நைரோபியில் சருமத்தை வெளுப்பாக்கும் பாதரசக் களிம்பு பூசியவர்களுக்கு இத்தகைய பாதிப்பு வந்ததை 1972இலேயே பதிவுசெய்திருந்தார்கள். ஆனால் திசுவைப் பார்த்து, 'இவரிடம் பாதரசம் பற்றிக் கேளுங்கள்' என்று சொல்லக்கூடிய குறியீடு அப்போது கையில் இல்லை.

அந்தக் குறை 2022இல் நீங்கியது. சென்னை ரெனோபாத் ஆய்வகத்தின் அனிலா ஆபிரகாம் குரியனும் உடன் ஆய்வாளர்களும், நெல்-1 காணப்பட்ட நோயாளிகளில் கணிசமானோர் நாட்டு மருந்து சாப்பிட்டிருந்ததையும், சோதித்த மருந்துகளில் பாதரசம் இருந்ததையும் கிட்னி இன்டர்நேஷனல் இதழில் வெளியிட்டார்கள். மருந்தை நிறுத்தியபின் பலருக்குப் புரதக் கசிவு குறைந்தது. என் பார்வையில் இந்த ஆய்வின் பெரும்பயன் இதுதான்: நோயெதிர்ப்பை அடக்கும் கடுமையான மருந்துகளை எடுத்த எடுப்பில் தொடங்காமல், காரணத்தை விலக்கிவிட்டுப் பொறுத்துப் பார்க்க மருத்துவருக்கு வழி கிடைக்கிறது.

சித்த மருத்துவத்தில் ரசம், லிங்கம், ரசகற்பூரம் ஆகிய பாதரசப் பொருள்கள் தொன்றுதொட்டு மருந்துச் சரக்குகள். அவற்றைச் சுத்தி செய்யும் முறைகளை நூல்கள் விரிவாகவே வகுத்திருக்கின்றன. இந்த ஆய்வை அந்த மரபு முழுவதன் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்வது நியாயமாகாது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத சூரணத்தையும் செந்தூரத்தையும் நம்பி விழுங்குபவர் சிறுநீரகத்தையே பணயம் வைக்கிறார்.

அடுத்த செய்தி கேரளத்திலிருந்து வந்தது. கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை கண்டறிந்த 22 மெம்பரேனஸ் நோயாளிகளில் 15 பேருக்கு நெல்-1 இருந்தது; அவர்களில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசிவந்தவர்கள். இத்தகைய க்ரீம்களில் பாதரசம் கலந்திருப்பதுண்டு. ஆனால் இந்திய அழகுப்பொருள் விதிகளின்படி, கண்ணைச் சுற்றிப் பூசுபவை தவிர்த்த மற்றவற்றில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. கறுப்பு அழகில்லை என்று பெண்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் சமூகத்தில் இது வெறும் மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரச்சினை அல்ல.

பாதரசம் எவ்வழியாக நெல்-1ஐ இலக்காக்குகிறது என்பது இன்னும் துலங்கவில்லை. புற்றுநோய்த் தொடர்பும் இருப்பதால், குறியீடு தென்பட்டால் அதற்கான சோதனைகளையும் செய்கிறார்கள். பிஎல்ஏ2ஆர் எதிர்ப்பொருளை ரத்தத்திலேயே கண்டுபிடிக்கலாம். நெல்-1க்கு அத்தகைய சோதனை பரவலாக இல்லாததால் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி தேவைப்படுகிறது. எனவே அசோக் நகரிலோ அம்பத்தூரிலோ காலும் முகமும் வீங்கி மருத்துவரிடம் போகிறவர், சாப்பிடும் லேகியம், பொடி, பூசும் க்ரீம் எல்லாவற்றையும் டப்பாவோடு எடுத்துச் செல்வது நல்லது.