கையில் ஏந்திய உரிமை

உரிமை ஏட்டில் இருக்கும் வரை அனைவராலும் போற்றப்படும். அது வீதிக்கு வந்து நடமாடத் தொடங்கியதும், அதனை ஏந்தி வருபவர் யார் என்னும் வினா எழுகின்றது. அந்த வினாவுக்குக் கிடைக்கும் விடையே பல வேளைகளில் உரிமையின் விதியை முடிவு செய்கின்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் துப்பாக்கியை மறைக்காது, பலரும் காண ஏந்திச் செல்லும் வழக்கத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அந்நாட்டு அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் 1791ஆம் ஆண்டு ஏற்கப்பட்டது. ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையை அது குறிக்கின்றது. ஆயின் எவ்வாறு ஏந்துவது? சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் தென்மாநிலங்களில் நிலவிய கருத்து நம்மை வியக்கச் செய்யும். மறைத்து வைத்திருப்பவன் வஞ்சகன். வெளிப்படையாக ஏந்துபவன் நேர்மையாளன் என்று அவர்கள் கருதினர். 1846இல் ஜார்ஜியா மாநில உச்சநீதிமன்றம், ஆயுதத்தை மறைத்துச் செல்வதைத் தடுக்கலாம், வெளிப்படையாக ஏந்துவதைத் தடுத்தலாகாது எனத் தீர்ப்பளித்தது. வெளிப்படையே அன்று உரிமைக்குக் காவலாக நின்றது.

அந்த நேர்மையாளன் வெள்ளையனாக இருத்தல் வேண்டும் என்பது எழுதப்படாத நிபந்தனை. சில வேளைகளில் அது எழுதவும்பட்டது. அடிமைத்தளை அறுந்த 1865ஆம் ஆண்டிலேயே, விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தலாகாது என மிசிசிப்பி மாநிலம் சட்டம் இயற்றியது.

இனி ஒரு நூற்றாண்டைக் கடந்து கலிபோர்னியாவுக்கு வருவோம். 1966ஆம் ஆண்டு அக்டோபரில் ஓக்லாந்து நகரில் ஹூயி நியூட்டன், பாபி சீல் என்னும் இரு கறுப்பின இளைஞர்கள் கருஞ்சிறுத்தைகள் கட்சியை நிறுவினர். தம் மக்கள்பால் காவல்துறையினர் காட்டிய கடுமையே அவர்களை ஆயுதம் ஏந்தத் தூண்டியது. நியூட்டன் சட்டநூல்களைப் பயின்றவர். தோட்டா நிரப்பிய துப்பாக்கியை மறைக்காமல் பொதுவிடத்தில் ஏந்துவது அம்மாநிலத்தில் குற்றமன்று என அவர் அறிந்திருந்தார். எனவே அவர்கள் ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் சட்டநூலுமாகக் காவலரின் வண்டிகளைப் பின்தொடர்ந்தனர். எவரேனும் தடுத்து நிறுத்தப்பட்டால், சட்டம் அனுமதிக்கும் தொலைவில் நின்று கவனித்தனர். பிடிபட்டவருக்கு அவருடைய உரிமைகளை உரத்த குரலில் எடுத்துரைத்தனர்.

இக்காட்சி ஆட்சியாளரைக் கலங்கச் செய்தது. 1967 ஏப்ரலில், டான் மல்போர்டு என்னும் குடியரசுக் கட்சி உறுப்பினர், தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொதுவிடங்களில் ஏந்துவதைத் தடை செய்யும் மசோதாவைச் சட்டமன்றத்தில் கொணர்ந்தார். அதனை எதிர்க்க மே 2ஆம் நாள் ஏறத்தாழ முப்பது கருஞ்சிறுத்தையினர், அவர்களுட் பலர் ஆயுதம் தாங்கியவராக, தலைநகர் சாக்ரமெண்டோவின் சட்டமன்ற மாளிகைக்குச் சென்றனர். சபை கூடியிருந்த மண்டபத்துக்குள்ளும் புகுந்தனர். அவர்களிடமிருந்து வாங்கப்பட்ட துப்பாக்கிகள் பின்னர் திருப்பித் தரப்பட்டன. ஏனெனில் அவற்றை ஏந்துவதைக் குற்றமாக்கும் சட்டம் அன்று வரை இல்லை! அவர்கள் வெளியேறிச் சென்ற பின்னரே கைது நடந்தது.

அந்த ஊர்வலம் மசோதாவைத் தடுக்கவில்லை, விரைவுபடுத்தியது. சட்டமன்ற மாளிகைக்குள் துப்பாக்கி கொணர்வதற்கான தடையும் அதில் சேர்க்கப்பட்டது. 1967 ஜூலை 28ஆம் நாள் ஆளுநர் ரொனால்டு ரீகன் கையொப்பமிட, அது உடனே நடைமுறைக்கு வந்தது. பின்னாளில் துப்பாக்கி உரிமையின் நண்பர் எனப் பெயர் பெற்ற அதே ரீகன்தான் இவர். துப்பாக்கி உரிமையின் பெருங்காவலாக இன்று அறியப்படும் தேசியத் துப்பாக்கிச் சங்கமும் அன்று அச்சட்டத்தை ஆதரித்தது. சட்டத்தின் சொற்களில் நிறம் பற்றிய பேச்சே இல்லை. அது பிறந்த காரணத்தில் நிறம் இருந்தது.

இதனைக் கொண்டு, வெளிப்படையாக ஏந்தியதே உரிமையை இழக்கச் செய்தது என முடிவு கட்டலாமா? அதற்கு ஆதரவாக அதே மாநிலத்தில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 1967ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டா நிரப்பிய துப்பாக்கிகளையே தடுத்தது. வெறுந்துப்பாக்கியை இடுப்பில் தெரியத் தொங்கவிடுவது நாற்பதாண்டுகளுக்கு மேல் குற்றமன்று. அதனை எவரும் பொருட்படுத்தவுமில்லை. 2010ஆம் ஆண்டையொட்டி, உரிமை ஆர்வலர்கள் இவ்வாறு துப்பாக்கி தெரியக் காப்பிக் கடைகளில் கூடத் தொடங்கினர். உரிமையை மக்களுக்குப் பழக்கப்படுத்துவது அவர்தம் நோக்கம். விளைவோ வேறு! 2011இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் ஒப்பமிட்ட சட்டம் வெறுங் கைத்துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்துவதையும் தடுத்தது. அடுத்த ஆண்டு நீண்ட துப்பாக்கிகளுக்கும் தடை இயற்றப்பட்டது.

ஆயின் டெக்சாசைப் பார்க்குங்கால் கணக்கு மாறுகின்றது. அங்கு 2014இல் சிலர் நீண்ட துப்பாக்கிகளுடன் உணவகங்களுக்குச் சென்றபோது தேசியத் துப்பாக்கிச் சங்கமே முதலில் முகம் சுளித்தது. சில நாட்களில் அக்கண்டனத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உரிமம் பெற்றோர் கைத்துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்த 2016 ஜனவரி முதல் அம்மாநிலம் இசைவளித்தது. 2021இல் உரிமமும் தேவையில்லை எனச் சட்டம் வந்தது. கலிபோர்னியாவில் கதவை மூடிய செயல் டெக்சாசில் கதவைத் திறந்தது!

ஆகவே துப்பாக்கியைக் காட்டுவது தன்னளவில் உரிமையைக் காப்பதுமில்லை, அழிப்பதுமில்லை. காண்பவரின் கண்ணே அதனைத் தீர்மானிக்கின்றது. ஆள்வோர் தம்மவராகக் கருதும் கையில் இருந்தால் அது மரபு. அவர்கள் அஞ்சும் கையில் இருந்தால் அது கலகம். 2022இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், வீட்டுக்கு வெளியே ஆயுதம் ஏந்துவதும் அரசியல் சட்ட உரிமையே எனத் தீர்ப்பளித்தது. சாக்ரமெண்டோவில் கருஞ்சிறுத்தையினர் வாதித்ததும் ஏறத்தாழ இதுவே. இடையில் ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

பொதுவிடத்தில் துப்பாக்கி நடமாடுவது நல்லதா, தீயதா என்பது வேறு வழக்கு. அதில் தடையை விரும்புவோர்க்கும் வலுவான நியாயங்கள் உண்டு. நாம் இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்றே: ஒரு சட்டம் நீதியானதா என அறிய அதன் சொற்களை மட்டும் படித்தல் போதாது, யாரைக் கண்டபோது அது எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.