நாலு கடையில் ரேட் கேட்டாச்சு... எது மலிவுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தை பிறந்துவிட்டால் தஞ்சாவூர்ப் பக்கம் அஸ்திவாரம் தோண்டுகிற சத்தம் கேட்கும். மழை விட்டிருக்கும், சம்பா அறுவடைப் பணமும் கைக்கு வரும். நீங்களும் அந்த வரிசையில் இருந்தால், இந்நேரம் நாலு இடத்துக்கு போன் போட்டு ‘எம்-சாண்ட் என்ன ரேட்?’னு கேட்டிருப்பீங்க. ஒருத்தர் யூனிட்டுக்குச் சொல்வார், ஒருத்தர் லோடுக்கு, இன்னொருத்தர் டன்னுக்கு. எதை எதோடு ஒப்பிடுவது?

கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். முதல் ஆள் யூனிட் 5,500 ரூபாய், வரியோடு, மனையிலேயே இறக்கித் தருகிறார். இரண்டாவது ஆள் டன் 1,100. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எம்-சாண்டில் அது ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து டன் வரும். 4.7 டன் என்று போட்டால் 5,170. அதற்கு மேல் 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 5,428. மிச்சம் வெறும் 72 ரூபாய்! உங்கள் மனைக்குப் போகும் வாய்க்கால் பாலத்தில் டிப்பர் ஏறாது, மெயின் ரோட்டில்தான் கொட்டுவேன் என்றால், டிராக்டர் நடைக்கே அந்தப் பணம் பத்தாது.

பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த பொன்னின் அளவோடு, ‘ஆடவல்லான்’ என்ற எடைக்கல்லால் நிறுத்தது என்ற விவரமும் இருக்கிறது. எந்தக் கல் என்று சொல்லாத எடை எடையே இல்லை என்பது ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த எடைக்கல் வேலையைத்தான் கூகுள் ஷீட்ஸோ எக்ஸலோ செய்யப்போகிறது. காசு கொடுத்து எஸ்டிமேட் மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்கு இதுவே போதும். பொருள், தரம், அளவு, அலகு, விலை, ஜிஎஸ்டி, வண்டி வாடகை, இறக்கும் இடம், விலை எத்தனை நாள் செல்லும் என்று கட்டம் போடுங்கள். முதல் நான்கையும் நீங்களே நிரப்ப வேண்டும். ‘வீட்டுக்கு எவ்வளவு ஆகும்’னு கடைக்காரரிடம் கேட்டால் அவர் அளவு, அவர் விலை என்றாகிவிடும்.

அளவு எங்கிருந்து வரும்? உதாரணமாக, 1,000 சதுர அடிக்கு 5 அங்குலத் தளம் என்றால் சுமார் 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர் கான்கிரீட். 1:1½:3 கலவைக்கு ஏறக்குறைய 95 மூட்டை சிமென்ட், ஒன்றே முக்கால் யூனிட் எம்-சாண்ட், மூன்றரை யூனிட் 20 மி.மீ. ஜல்லி. சேதாரம் தனி. கம்பிக்கு மட்டும் இந்தக் குத்துமதிப்பு வேண்டாம். இன்ஜினீயர் தரும் பார் பெண்டிங் பட்டியலில் இருந்து கிலோவில் எழுதுங்கள். பீஸ் கணக்கில் விலை சொன்னால் உஷார். 12 மீட்டர் நீளமுள்ள 12 மி.மீ. கம்பி 10.66 கிலோ இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயம் 5 சதவீதம் வரை கூடக் குறைய அனுமதிக்கிறது. அதற்கும் கீழே போனால் இரும்புக்குக் காசு கொடுத்துக் காற்றை வாங்குகிறீர்கள்.

சப்ளையர் ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி அனுப்புங்கள். ஒரே ஷீட்டை எல்லாருக்கும் பகிர்ந்தால் ஒருத்தர் ரேட்டை இன்னொருத்தர் பார்த்துவிடுவார். உண்மையைச் சொன்னால், பாதிப் பேர் ஷீட்டைத் திறக்கவே மாட்டார்கள். பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பிரின்ட் எடுத்துப் பேனாவால் எழுதி போட்டோ அனுப்புவார்கள். பரவாயில்லை, நீங்கள் உட்கார்ந்து டைப் செய்யுங்கள். அளவை விலையால் பெருக்கி, வரியும் வாடகையும் கூட்டுகிற ஃபார்முலாவை ஒரு வரிசையில் போட்டு இழுத்துவிட்டால் மொத்தமும் வந்துவிடும்.

விலை செல்லுபடியாகும் நாளைக் கட்டாயம் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பச்சைச் செங்கல் காயாது, சூளை ஓடாது. கையிருப்பு வைத்திருப்பவர் சொல்வதுதான் விலை. சிமென்ட்டுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் பழைய கொட்டேஷனை வைத்துப் பேரம் பேசாதீர்கள்.

லோடு வந்ததும் இறக்குவதற்கு முன்னால் டேப்போடு ஏறிவிடுங்கள். தொட்டியின் உள் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி 100-ஆல் வகுத்தால் யூனிட். மணல் ஈரமாக இருந்தால் உப்பி, 20, 30 சதவீதம்கூட அதிகம் காட்டும். அதை அப்போதே டிரைவரிடம் சொல்லி, அளந்த கணக்கை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.