புதுச்சேரி நகர மையம்: மரபுப் பாதுகாப்பும் மறுகட்டுமானமும்

முன்னுரை

பழமையைக் காத்தலும் நகரை வளர்த்தலும் ஒன்றுக்கொன்று முரணானவை என்னும் கருத்துப் பரவலாக உள்ளது. காக்க விழைவோர் வளர்ச்சியின் பகைவராகவும், கட்ட விழைவோர் வரலாற்றின் பகைவராகவும் எண்ணப்படுகின்றனர். புல்வார் எனப்படும் சுற்றுச்சாலைக்குள் அடங்கிய புதுச்சேரி நகர மையத்தின் வரலாறு, இம்முரண் உண்மையில் எங்கே எழுகின்றது என்பதைக் காட்டுகின்றது. அந்நகரில் அரிதாக இருப்பது பெருங்கட்டடங்களின் பாதுகாப்பன்று. மக்கள் குடியிருக்கும் வீடுகளின் பாதுகாப்பே. அதற்குரிய செலவை யார் ஏற்பது என்னும் வினாவே சிக்கலின் மையம் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

நகரமைப்பின் தோற்றம்

1693இல் புதுச்சேரியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் நேர்கோட்டுத் தெருக்கள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் கட்ட அமைப்பினை வரைந்தனர். 1697ஆம் ஆண்டு ரிஸ்விக் உடன்படிக்கையின்படி 1699இல் நகரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள் அவ்வமைப்பையே பின்பற்றினர். 1761 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபின் நகரின் பெரும்பகுதி தரைமட்டமாக்கப்பட்டது. 1765இல் நகர் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததும், பழைய தெருக்கோடுகளின் மீதே புதிய கட்டடங்கள் எழுந்தன. ஆகவே, இன்று மரபுச் செல்வம் எனப் போற்றப்படும் நகரமே ஒரு பெரும் மறுகட்டுமானத்தின் விளைவு எனலாம். கட்டடங்கள் அழிந்தபோதும் தெருவின் அமைப்பு அழியவில்லை என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

இருவகைத் தெருக்கள்

பெரிய வாய்க்கால் நகரை இரண்டாகப் பிரித்தது. அதன் கிழக்கே, கடலையொட்டிய பகுதியில் உயர்ந்த மதில், பெருவாயில், உள்தோட்டம், வளைவுகள் கொண்ட முகப்பு ஆகியன அமைந்த பிரெஞ்சுப்பாணி இல்லங்கள் எழுந்தன. மேற்கே தமிழர் பகுதியில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நின்றன. தெருவை நோக்கித் திறந்த திண்ணை, மரத்தூண்கள் தாங்கிய ஓட்டுத் தாழ்வாரம், உள்ளே முற்றம் என்பது அவற்றின் பொது அமைப்பு. கீழ்த்தளம் தமிழ்ப்பாணியிலும் மேல்தளம் பிரெஞ்சுப்பாணியிலும் அமைந்த கலப்பு வீடுகளும் உண்டு. நாட்குறிப்பாளர் ஆனந்தரங்கப் பிள்ளையின் 18ஆம் நூற்றாண்டு மாளிகை இக்கலப்பிற்குச் சிறந்த சான்றாகும்.

பிரெஞ்சு இல்லம் மதிலுக்குள் தனித்து நிற்பது. தமிழ் வீடோ அண்டை வீட்டின் தொடர்ச்சி. வரிசையில் ஒரு வீடு இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் திண்ணையற்ற அடுக்குக் கட்டடம் எழும்போது தாழ்வாரங்களின் தொடர் அறுபடுகின்றது. இழப்பு அவ்வீட்டோடு நிற்பதில்லை, தெருவே சிதைகின்றது.

இழப்பின் காரணங்கள்

1954இல் நிருவாகமும் 1962இல் சட்டப்படியான இறைமையும் இந்தியாவிற்கு வந்தபின் நகரின் வணிகம் பெருகியது. மனையின் மதிப்பு வீட்டின் மதிப்பை விஞ்சியது. கூட்டுக் குடும்பத்திற்கென எழுந்த முற்றத்து வீடு, பாகப்பிரிவினைக்குப்பின் பல வாரிசுகளுக்கு உரியதாயிற்று. வாரிசுகளுள் சிலர் பிரான்சிலும் பிற ஊர்களிலும் வாழ்கின்றனர். சுண்ணாம்புக் காரையும் தேக்கு உத்திரமும் கொண்ட கூரையைப் பழுதுபார்க்கத் தேர்ந்த கொத்தனாரும் தச்சரும் தேவை, செலவும் மிகுதி. இந்நிலையில் விற்பதும் இடிப்பதும் எளிய வழிகளாயின. உரிமையாளரின் அறியாமையைவிட அவரது பொருளியல் கணக்கே இழப்பிற்குக் காரணம் என்பது இதனால் புலனாகும்.

கிழக்குப் பகுதியில் நிலைமை வேறு. அங்குப் பழைய இல்லங்கள் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறி, மரபே வருவாய் தருவதாயிற்று. எனினும், வருவாய் பெருகிய தெருக்களில் குடியிருப்போர் குறைவதும் கருதத்தக்கது.

வைசியாள் வீதி தரும் பாடம்

1984 முதல் புதுச்சேரியில் இயங்கிவரும் இன்டாக் அமைப்பு மரபுக் கட்டடங்களைப் பட்டியலிட்டது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் அர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சுர்-லோ ஆகிய நகரங்களுடன் புதுச்சேரி இணைந்தது. அத்திட்டத்தின்கீழ் வைசியாள் வீதி எனப்படும் கால்வே சுப்பராயச் செட்டி வீதியின் ஒரு பகுதி சீரமைக்கப்பட்டது. தனி வீடு அன்றி, வீட்டு வரிசையே பணியின் அலகாகக் கொள்ளப்பட்டது. முகப்புகளும் தாழ்வாரங்களும் மீட்கப்பட்டன. 2008இல் இப்பணி யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதினைப் பெற்றது. வீட்டாரின் ஒத்துழைப்பும் பொது நிதியும் இணையும்போது குடியிருப்போரை அகற்றாமலே தெருவைக் காக்கலாம் என்பதை இது மெய்ப்பித்தது. ஆயினும் ஒரு தெருவில் நிகழ்ந்தது பல தெருக்களுக்கு விரியவில்லை.

மேரியும் பெரிய சந்தையும்

19ஆம் நூற்றாண்டில் கடற்கரையில் எழுந்த மேரி என்னும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கியின் நிதியுதவியுடன் பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. தோற்றம் மீண்டது, பழைய சுவரும் உத்திரமும் மீளவில்லை. உரிய காலத்துப் பராமரிப்பிற்கு மறுகட்டுமானம் ஈடாகாது என்பதற்கு இது சான்று.

2017இல் புதுச்சேரி சீர்மிகு நகரத் திட்டத்திற்குத் தேர்வானபின், பெரிய மார்க்கெட் என வழங்கும் குபேர் அங்காடியை இடித்துப் புதிதாகக் கட்டும் முயற்சி முன்னெடுக்கப்பட்டது. வணிகர்கள் அதனை எதிர்த்தனர். வடிகால், காற்றோட்டம், தீப்பாதுகாப்பு ஆகியன அங்குத் தேவை என்பதை மறுக்க இயலாது. எனினும் தற்காலிக இடத்திற்குப் பெயரும் சிறு வணிகர் தம் வாடிக்கையாளரை இழக்கக்கூடும். கட்டடத்தின் மரபும் அதில் வாழ்வோரின் பிழைப்பும் வேறல்ல என்பதை இவ்வழக்கு உணர்த்துகின்றது.

முடிவுரை

மரபின் பயன் நகர் முழுமைக்கும் சேர்கின்றது. அதன் சுமை வீட்டு உரிமையாளர்மீது விழுகின்றது. இச்சமனின்மை நீங்காதவரை தடைவிதிகள் மட்டும் பயன் தரா. பழுதுபார்ப்பிற்கு மானியம், வீட்டு வரிச் சலுகை, கைவினைஞர் பயிற்சி, தெருவை அலகாகக் கொண்ட கட்டட விதி ஆகியன ஒருங்கே வேண்டப்படுகின்றன. 1765இல் நகரை மீண்டும் கட்டியோர் பழைய தெருக்கோட்டைப் பேணியே புதியன எழுப்பினர். இன்று கட்டுவோர் அதனோடு திண்ணையையும் தாழ்வாரத்தையும் பேண வேண்டியுள்ளது.